பல நோட்டுகள், ஒரே இயந்திரம்: வன்தட்டின் வேகம் விழுந்த கதையும் மீண்ட கதையும்

தை பிறந்து சம்பா முற்றியதும் சேலம், ஆத்தூர் பக்கங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் லாரிகளில் ஏறிக் காவிரிப் படுகைக்கு வந்து சேருகின்றன. ஈரம் காயாத வயலில் பெல்ட் பொருத்திய இயந்திரம்தான் இறங்க முடியும். அது தார்ச்சாலையில் தானாக ஓடாது. ஓர் ஊரை முடித்து அடுத்த ஊருக்குப் போவதற்கு மறுபடியும் லாரியில் ஏற்றியாக வேண்டும். ஆகவே ஒரு நாளில் எத்தனை மா அறுபடும் என்பதை முடிவு செய்வது இயந்திரத்தின் வேகம் மட்டுமன்று, அதை அனுப்பிவைக்கும் ஏஜென்ட் தம் நோட்டில் ஊர்களை எந்த வரிசையில் எழுதிக்கொள்கிறார் என்பதும்தான்.

விவரமான ஏஜென்ட் போன் வந்த வரிசையிலேயே இயந்திரத்தை அனுப்பமாட்டார். கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி என்று தெற்கு நோக்கி அடுத்தடுத்து வரும் ஊர்களை அந்தப் போக்கிலேயே முடித்துக்கொண்டு போவார். வலங்கைமானில் வரப்பு ஒட்டிய வயல்காரர்கள் இருவர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால், இரண்டையும் ஒரே இறக்கத்தில் அறுக்கச் சொல்வார். கதிர் சாய்ந்து கிடக்கும் வயல் ஒன்று வழியிலிருந்து விலகியே இருந்தாலும், இதற்கு மேல் தள்ளக்கூடாது என்ற நாள் வந்துவிட்டால் வரிசையை உடைத்து அங்கேதான் முதலில் அனுப்புவார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், வன்தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகச் செய்துவருவது ஏறத்தாழ இதே வேலையைத்தான். அந்த வேலை 2020-ஐ ஒட்டிய ஒரு மாற்றத்திற்குப் பிறகு, யாரும் வேண்டுமென்று நிறுத்தாமலேயே, ஒரு வகைக் கணினிகளில் நின்றுபோயிற்று. வட்டுகளில் பழுதில்லை, கம்பிகளில் பழுதில்லை. எழுதும் வேகம் மட்டும் விழுந்தது. முன்பு ஒழுங்காக இருந்தது புதிய பதிப்பில் மோசமாவதைப் பின்னடைவு என்கிறார்கள்.

வரிசை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம், படித்து எழுதும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்திற்கு நகர வேண்டும். சாதாரண வட்டுகளில் அதற்கு எட்டு ஒன்பது மில்லி வினாடி ஆகும். இரண்டையும் கூட்டினால், தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் இடங்களை வினாடிக்கு எண்பது முறைதான் தொட முடியும். ஒவ்வொரு தொடுதலிலும் 4 கிலோபைட் எழுதினால் வினாடிக்கு 320 கிலோபைட். அதே வட்டு ஒரே போக்கில் எழுதினால் வினாடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டும். லாரியில் ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடுகிற இயந்திரத்திற்கும், ஒரே ஊரில் விடியலிலிருந்து இருட்டும்வரை அறுக்கிற இயந்திரத்திற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எந்திரம் ஒன்றே, விளைச்சல் பல நூறு மடங்கு மாறுகிறது.

எனவே நிரல்கள் அனுப்பும் வேண்டுகோள்களை உடனுக்குடன் வட்டிடம் தள்ளாமல், கெர்னல் அவற்றைக் கொஞ்சம் நிறுத்தி, தட்டில் உள்ள இட எண்ணின்படி அடுக்கி, ஒட்டியிருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறது. இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். இன்று பரவலாக இருக்கும் எம்க்யூ-டெட்லைன் என்ற ஷெட்யூலர், அடுக்குவதோடு கெடுவும் வைத்திருக்கிறது: படிக்கும் வேண்டுகோளுக்கு 500 மில்லி வினாடி, எழுதும் வேண்டுகோளுக்கு 5 வினாடி. படிப்பதற்கு மட்டும் ஏன் அவசரம் என்றால், படிக்கக் கேட்ட நிரல் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எழுதச் சொன்ன நிரலோ, தரவு நினைவகத்தில் ஏறியதுமே பெரும்பாலும் தன் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

வட்டே தன்னிடம் வந்தவற்றை அடுக்கிக்கொள்ளாதா என்று கேட்கலாம். அடுக்கிக்கொள்ளும். ஆனால் சாட்டா என்ற வழக்கமான இணைப்புள்ள வட்டு ஒரு நேரத்தில் 32 வேண்டுகோள்களைத்தான் கையில் வைத்துக்கொள்ள முடியும். அதற்குப் பின்னால் நிற்பவை அதன் கண்ணில் படுவதில்லை. நோட்டு முழுவதையும் பார்ப்பவர் ஏஜென்ட். இயந்திரத்தின் ஓட்டுநர் அன்றைக்குக் கையில் வாங்கிய சீட்டுகளை மட்டுமே பார்க்கிறார்.

பழைய கெர்னலில் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரே நோட்டு, அதாவது ஒரே வரிசை; அந்த நோட்டுக்கு ஒரே பூட்டு. எட்டுச் செயலிக் கருக்கள் இருந்தாலும், ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்ற ஏழும் பூட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். வினாடிக்கு எண்பது முறை தொடும் வட்டுக்கு அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டில்லை. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்து, வினாடிக்கு லட்சக்கணக்கான வேண்டுகோள்களை விழுங்கத் தொடங்கியதும் பூட்டே பெருந்தடையாகிவிட்டது. அதனால் கெர்னல் நிரலாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ முதலியோர் பல்வரிசை அமைப்பை உருவாக்கினார்கள். அது 2014 ஜனவரியில் வெளியான 3.13-ஆம் கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு கருவுக்கும் தனி நோட்டு, பூட்டுக்காக யாரும் நிற்க வேண்டாம். 2019 மார்ச்சில் வந்த 5.0-இல் பழைய ஒற்றை வரிசை முற்றிலும் நீக்கப்பட்டது. வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ தரத்தில் 65,535 வரிசைகள்வரை வைத்துக்கொள்ள இடமுண்டு. அத்தகைய சாதனத்தில் நகர வேண்டிய முனையே கிடையாது. அடுக்குவதற்குச் செலவிடும் நேரம் வீண். ஆகவே கெர்னலில் ஓர் எளிய விதி இருந்தது: சாதனத்திற்கு வன்பொருள் வரிசை ஒன்றே ஒன்று என்றால் எம்க்யூ-டெட்லைன், ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால் ஷெட்யூலரே வேண்டாம். அந்த இரண்டாம் நிலைக்கு நன் என்று பெயர், ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள்.

வரிசைகள் பல என்றால் சாதனம் வேகமானது என்ற அனுமானம் அந்த விதிக்குள் ஒளிந்திருந்ததைக் கவனிக்க வேண்டும். எழுதப்பட்ட காலத்தில் அது சரியாகவே இருந்தது.

சர்வர்களில் பல வன்தட்டுகளை ஒன்றாகக் கட்டி நடத்தும் ரெய்டு கார்டுகள் இருக்கின்றன. இவற்றில் பதில் திரும்பி வரும் வழிகள் பல. ஆனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கொடுக்கும் டோக்கன் எண்கள் கார்டு முழுவதற்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. இப்படி ஒரே டோக்கன் பெட்டியைப் பல வரிசைகள் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் மாற்றம் 2020 டிசம்பரில் வெளியான 5.10-ஆம் கெர்னலில் வந்தது. அதைத் தொடர்ந்து இத்தகைய கார்டுகளைக் கெர்னலோடு இணைக்கும் மென்பொருள்களான இயக்கிகளில், மெகாரெய்டு எஸ்ஏஎஸ் உள்ளிட்ட சில, தங்களைப் பல்வரிசைச் சாதனங்களாக அறிவித்துக்கொள்ளத் தொடங்கின. நோக்கம் நல்ல நோக்கம்தான்: வேண்டுகோளை அனுப்பிய கருவுக்கே பதிலும் வந்து சேரும், ஒரு கருவை இடையில் அணைத்தாலும் அதன் வேண்டுகோள்கள் தொங்கலில் நிற்கா. ஆனால் பழைய விதி வரிசைகளின் எண்ணிக்கையை மட்டுமே பார்த்தது. ஒன்றுக்கு மேல் இருந்ததால் நன் என்று தீர்ப்பளித்தது. கார்டுக்குப் பின்னால் இருந்தவையோ அதே சுழலும் தட்டுகள். எட்டு ஏஜென்டுகள் எட்டு நோட்டுகளில் எழுதிக்கொண்டு ஒரே இயந்திரத்தை நீடாமங்கலத்திற்கும் கும்பகோணத்திற்கும் மன்னார்குடிக்கும் மாறி மாறி விரட்டிய நிலை அது.

கும்பகோணத்தில் ஓர் அரிசி மண்டியின் கணக்குக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு உண்டு. பழைய சர்வர், ரெய்டு கார்டு, அதில் வன்தட்டுகள். 2021 மாசியில் கெர்னலைப் புதுப்பித்த பிறகு, நள்ளிரவுக்குள் முடிந்துவிடும் நகலெடுப்பு, காலையில் கடை திறந்து முதல் மூட்டை எடைபோடும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, பெட்டி நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். பின்னடைவு என்பதற்கு அதைவிடத் துல்லியமான வரையறையை நான் கேட்டதில்லை.

முதல் வேலை, உண்மையிலேயே வேகம் குறைந்திருக்கிறதா என்று அளப்பது. இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கோப்பை இரண்டாம் முறை படித்தால் அது நினைவகத்திலிருந்தே வந்துவிடும். வட்டைத் தொடவே தொடாது. வன்தட்டின் வெளி வட்டம் உள் வட்டத்தைவிட வேகமானது, ஏனெனில் ஒரு சுற்றில் அங்கே கூடுதல் தரவு முனைக்கு அடியில் கடந்து போகிறது. ஆகவே பழைய கெர்னலில் வெளிவட்டத்தையும் புதிய கெர்னலில் உள்வட்டத்தையும் அளந்தால், இல்லாத பின்னடைவு ஒன்று முளைத்துவிடும். ஆக்ஸ்போ எழுதிய எஃப்ஐஓ என்ற அளக்கும் கருவியால், நினைவகத்தைத் தவிர்த்துவிட்டு, ஒரே இடத்தில், ஒரே அளவில், பல முறை எழுதிப் பார்த்து நடு மதிப்பை எடுத்துக்கொள்வதே நம்பத்தக்கது. அப்படி அளந்தபோதும் வீழ்ச்சி அப்படியே நின்றது.

அடுத்து பிளாக்டிரேஸ் என்ற கருவி. அதுவும் ஆக்ஸ்போவின் கைவண்ணமே. ஒவ்வொரு வேண்டுகோளும் கெர்னலுக்குள் கடக்கும் படிகளை அது ஒரெழுத்துக் குறிகளால் வரிவரியாக எழுதுகிறது: க்யூ என்றால் வந்து சேர்ந்தது, எம் என்றால் பக்கத்து வேண்டுகோளோடு இணைந்தது, டி என்றால் வட்டுக்கு அனுப்பப்பட்டது, சி என்றால் முடிந்தது. பழைய கெர்னலின் பதிவில் டி வரிகளில் இட எண்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின, எம் வரிகள் அடிக்கடி வந்தன. புதியதில் எம் வரிகள் அருகியிருந்தன, இட எண்கள் முன்னும் பின்னுமாகத் தாவின. திரையைப் பார்த்தபோதே முனை அலைவது கண்ணுக்குத் தெரிந்தாற்போல இருந்தது. பிறகு கெர்னல் தன் அமைப்புகளைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் அந்த வட்டின் க்யூ பகுதியிலுள்ள ஷெட்யூலர் என்ற சிறு கோப்பைத் திறந்தேன். கிடைக்கக்கூடிய ஷெட்யூலர்களின் பெயர்கள் ஒரே வரியில் இருக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பதே நடப்பிலுள்ளது. அடைப்பு நன்-ஐச் சுற்றி இருந்தது. அதே கோப்பில் எம்க்யூ-டெட்லைன் என்று எழுதினேன். கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை, மாற்றம் அந்த நொடியிலேயே நடப்புக்கு வருகிறது. அன்றிரவு நகலெடுப்பு பழைய நேரத்திற்கே முடிந்தது.

தடயம் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்காதபோது, இருகூறாக்கித் தேடுவதே வழி. ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேருகின்றன. நடுவிலுள்ள மாற்றம்வரை எடுத்துக் கெர்னலைக் கட்டி அளக்க வேண்டும். மெதுவாக இருந்தால் குற்றவாளி முன்பாதியில், வேகமாக இருந்தால் பின்பாதியில். இரண்டின் 14-ஆம் அடுக்கு 16,384 என்பதால் பதினான்கு முறை கட்டி அளந்தால் ஒரே ஒரு மாற்றத்தில் போய் நிற்கலாம். மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் இதற்கென்றே கட்டளை இருக்கிறது. ஒரு முறை தவறாக அளந்துவிட்டால் மீதித் தேடல் முழுவதும் தவறான பாதியில் நடக்கும் என்பதால்தான் அளவையைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினேன்.

என் மண்டியில் செய்தது ஒரு கணினிக்கான மருந்து. கெர்னலில் செய்ய வேண்டியது அதுவன்று. பகிர்ந்த டோக்கன் பெட்டியையே திரும்பப் பெற்றிருக்கலாம். அப்படிச் செய்தால் அதனால் கிடைத்த நன்மைகளும் போய்விடும். பல்வரிசைச் சாதனங்கள் அனைத்திற்கும் ஷெட்யூலரை வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் என்விஎம்இ சாதனங்களுக்கு வீண் சுமை. 2021-இல் சேர்ந்த திருத்தம், அனுமானம் எந்த இடத்தில் தவறியதோ அந்த இடத்தை மட்டும் தொட்டது. விதியில் ஒரு நிபந்தனை கூடியது: வரிசைகள் பலவாக இருந்தாலும் அவை ஒரே டோக்கன் பெட்டியைப் பகிர்ந்துகொண்டால், முன்பு போலவே எம்க்யூ-டெட்லைன். மெகாரெய்டு எஸ்ஏஎஸ் பொருத்திய ஒரு சோதனைக் கணினியில் எழுதும் வேகம் வெகுவாகக் குறைந்ததாகக் கண்டறியப்பட்டதையும், எந்த மாற்றத்தால் அது நேர்ந்தது என்பதையும் திருத்தக் குறிப்பு சொல்கிறது. கெர்னல் வழக்கில் மூல மாற்றத்தின் அடையாள எண்ணை இப்படிச் சுட்டுவது யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அன்று. பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள், தங்கள் பதிப்பில் அந்த மாற்றம் இருக்கிறதா, இந்தத் திருத்தம் அதற்கும் வேண்டுமா என்று உடனே தெரிந்துகொள்வதற்காக. சில வரிகளே கொண்ட இத்தகைய திருத்தத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எங்கே கைவைக்கக்கூடாது என்று தெரிந்தவர்கள்தான் இவ்வளவு சிறிதாக எழுத முடியும்.

ஜூன் 12 அன்று குறுவைக்காக மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையை நோக்கி வந்துகொண்டிருந்த வாரத்தில், மண்டிக் கணினியில் அடுத்த கெர்னலைப் போட்டேன். தொடங்கும்போதெல்லாம் ஷெட்யூலரை மாற்றும்படி நான் எழுதிவைத்திருந்த வரியை முதலில் நீக்கிவிட்டு, கணினியை அணைத்துப் போட்டுக் கோப்பைத் திறந்தேன். சதுர அடைப்பு தானாகவே எம்க்யூ-டெட்லைனைச் சுற்றி நின்றது.