முதற்சம்பளத்தோடு தொடங்கும் உரிமை: ஊழியர் சேமலாப நிதி பற்றி வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அறியவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இளையோருக்கு நடத்தப்படும் தொழில் வழிகாட்டல் வகுப்புகளில் சுயவிவரம் எழுதவும் நேர்முகத் தேர்வுக்குப் போகவும் சுயதொழிலுக்குத் திட்டம் போடவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. உயர்தரம் முடித்த கையோடு கஸ்தூரியார் வீதியிலும் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் கடைகளில் நிற்கப் போகும் பிள்ளைகள் பலர், சில ஆண்டுகள் உழைத்த பின்னும் ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பாகிய ஊழியர் சேமலாப நிதியில் தம் பெயரில் ஒரு சதமும் வைப்பிடப்படவில்லை என்பதை வேலையை விட்ட பிறகே அறிகிறார்கள்.

சட்டம் சுருக்கமானது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, ஊழியரின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதமும் முதலாளியின் பணத்திலிருந்து குறைந்தது 12 வீதமும் மாதந்தோறும் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற வேறொரு நிதிக்கு முதலாளி தனியாக இன்னும் 3 வீதம் செலுத்த வேண்டும். அதில் ஊழியரிடம் எதுவும் பிடிக்க முடியாது. 2026 சனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்பதால், அந்தச் சம்பளம் பெறுகிறீர்கள் என்றால் உங்கள் பங்கு 2,400, முதலாளியின் பங்கு 3,600 என மாதம் 6,000 ரூபாய் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். மூன்று ஆண்டுகளில் வட்டியைச் சேர்க்காமலே அது 216,000 ரூபாய்.

இதை இல்லாமலாக்கச் சொல்லப்படும் காரணங்கள் கடைக்குக் கடை ஒரே மாதிரியானவை. "இப்ப பழகுற காலம்தானே, ஆறு மாதம் போகட்டும்" என்பது முதலாவது. தகுதிகாண் காலம், பயிலுநர் காலம் என்று எதுவும் இந்தக் கடமையைத் தள்ளிவைக்காது. நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ, துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கோ, தரகுப்பணமோ, எந்த முறையில் வேலை செய்தாலும் உரிமை முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. ஒரேயொரு ஊழியரை வைத்திருக்கும் கடைக்கும் இது பொருந்தும். வெளியாள் இல்லாமல் குடும்பத்தவர் மட்டுமே நடத்தும் தொழிலுக்கு விலக்கு உண்டு; ஆனால் "எங்கட ஆள்தானே நீ" என்று அன்பாகச் சொல்லப்படுவதால் நீங்கள் அந்தக் குடும்பத்தவர் ஆகிவிடமாட்டீர்கள்.

அடுத்தது, "வெட்டாமல் முழுச்சம்பளமும் தரட்டா?" என்ற கேள்வி. கையில் கூடுதலாக வருகிறதே என்று பிள்ளைகள் உடனே சம்மதிக்கிறார்கள். இது ஊழியரும் முதலாளியும் பேசித் தீர்மானிக்கும் விடயமன்று. நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. 2,400 ரூபாயை மிச்சம் பிடித்ததாக நினைக்கும் அந்த நேரத்தில் 3,600 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்னும் சில இடங்களில் முதலாளியின் 12 வீதமும் ஊழியரின் சம்பளத்திலிருந்தே வெட்டப்படுகிறது. சம்பளச் சிட்டையில் 20 வீதம் கழிக்கப்பட்டிருந்தால் அது வெளிப்படையான சட்டமீறல்.

அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் எழுதிவைப்பதையும் கவனியுங்கள். வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், உணவுப் படி ஆகியவற்றையும் சேர்த்தே பங்களிப்பைக் கணக்கிட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது.

எல்லாவற்றிலும் கொடியது, 8 வீதத்தை மாதாமாதம் வெட்டிவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது. சிட்டையில் கழிவு தெரிவதால் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதித்தால் முதலாளிக்கு 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் விதிக்கப்படும். ஆகவே சிட்டையை மட்டும் நம்பாமல், உங்கள் உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று ஆண்டுக்கொரு தடவையாவது பாருங்கள்.

இனி அலுவலகங்கள். நிதியின் கணக்கு இலங்கை மத்திய வங்கியிடம் இருக்கிறது. முதலாளியைப் பிடித்துக் கட்டவைக்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்திடம் இருக்கிறது. நம்பிக்கை நிதியத்துக்கு வேறொரு சபை. இந்தப் பிரிவினையை யாரும் விளக்காததால், பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் கச்சேரிக்கும் அலைந்து நாட்சம்பளத்தை இழந்தவர்கள் ஏராளம். முதலாளி கட்டவில்லை என்றால் போகவேண்டிய இடம் ஒன்றுதான்: யாழ்ப்பாண மாவட்ட தொழில் அலுவலகம். வேலையை விட்ட பின்னும் அங்கு முறையிடலாம்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பதால் அதை ஏற்க மறுக்க முடியாது, சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். "அடுத்த கிழமை வாங்கோ" என்பது பல தடவை நீண்டால், முறைப்பாடு எந்த நிலையில் உள்ளது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டிய கடப்பாடு அவர்களுக்கு இருக்கிறது.

ஆதாரம் இல்லை என்பதால் பலர் திரும்பிவிடுகிறார்கள். முதலாளியின் மேசையில் கிடக்கும் சீ.ஆர். கொப்பியில் கையொப்பம் வைத்துச் சம்பளம் வாங்குகிறவரிடம் நியமனக் கடிதமும் இராது, சிட்டையும் இராது. அப்படியானால் கையொப்பமிடும் பக்கத்தையும் வரவு இடாப்பையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். வங்கியில் சம்பளம் வந்த பதிவுகளையும் வேலைக்கு அழைத்த செய்திகளையும் அழிக்காதீர்கள். வேலையில் இருக்கும்போதே இவற்றைச் சேர்க்க வேண்டும், வெளியே வந்தபின் அந்தக் கொப்பி உங்களுக்குக் கிடைக்காது.

பெயரிலும் கவனம் தேவை. அடையாள அட்டையில் தகப்பனின் பெயரும் உங்கள் பெயரும் முழுமையாக இருக்க, கணக்குப்பிள்ளை ஒரு முதலெழுத்தையும் வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுதி அனுப்பிவிடுவார். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறினாலும், பழைய அடையாள அட்டை இலக்கம் ஓரிடத்திலும் புதிய 12 இலக்க எண் வேறோரிடத்திலும் இருந்தாலும், பணம் எடுக்கும் வயதில் கிராம அலுவலரிடமிருந்து தொடங்கிச் சத்தியக் கடதாசி வரை ஓடவேண்டியிருக்கும். சேரும் நாளிலேயே படிவத்தை நீங்களே வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். கடை மாறும்போது எண்ணும் மாறுகிறது, பழைய எண்களை எறியாதீர்கள்.

வேலையை விட்டவுடன் இந்தப் பணத்தை எடுக்கலாம் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது என்பதே பொதுவிதி. முன்கூட்டியே எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தரகரிடம் அடையாள அட்டைப் பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

சொந்தமாக அழகு நிலையமோ திருத்துமிடமோ தொடங்கும் இளையோர் உதவிக்கு ஒருவரைச் சேர்த்த நாளிலேயே முதலாளி ஆகிறார்கள். அந்த மாதத்திலேயே தொழில் அலுவலகத்தில் பதிந்து, 12 வீதத்தையும் 3 வீதத்தையும் ஆரம்பச் செலவுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடை தள்ளாடும் காலத்தில் நிலுவையும் மிகைக்கட்டணமும் ஒன்றாக வந்து நின்றால், அதைக் கட்டவும் முடியாது, உங்களை நம்பி வேலைக்கு வந்த பிள்ளைக்குப் பதில் சொல்லவும் முடியாது.