குறைவெண் குலைப்பு நொதி

தொண்டிப் பக்கத்து இறால் பண்ணையில், இருட்டில் இறாலே மினுங்கினால் பண்ணைக்காரருக்கு வயிறு கலங்கிவிடும். ஒளிரும் வைப்ரியோ பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாக்டீரியா ஒன்றிரண்டாக இருக்கையில் ஒளிராது. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளை நீரில் கசியவிடும். கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளும் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும், போதுமான பேர் சேர்ந்துவிட்டோம் என்று எல்லாம் ஒன்றாக வேலையைத் தொடங்கும். இதற்கு 1994-இல் 'கோரம் சென்சிங்' என்று பெயரிட்டார்கள். அந்த வேதிச் சேதியைச் சிதைப்பது 'கோரம் குவென்ச்சிங்'. அப்படிச் சிதைக்கும் என்சைமுக்கு, அதாவது உயிர்களில் வேதிவினையை விரைவாக்கும் பொருளுக்கு, நான் வைக்கும் தமிழ்ப் பெயர்தான் 'குறைவெண் குலைப்பு நொதி'.

'கோரம்' லத்தீன் சொல்; 'எவர்களுள்' என்பது பொருள். அதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். கிராம சபை அறிவிப்பில் 'குறைவெண் வரம்பு' என்று அச்சடித்தே வருகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேராவது வர வேண்டும்.

'குவென்ச்' என்பதைத் 'தணிப்பு' என்று பெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. தாகம் தணியும், சூடு தணியும். இங்கே நடப்பது வேறு: ஆள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போட யாரோ அழித்துக்கொண்டே இருந்தால் எப்படி? அதனால் 'குலைப்பு' என்கிறேன். 'கொல்லி' மட்டும் கூடவே கூடாது. இது பாக்டீரியாவைக் கொல்வதில்லை. கொல்லாததால்தான், ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போவதைப் போல இதற்கு எளிதில் பழகாது என்று எதிர்பார்க்கிறார்கள்.

அப்புறம், 'நொதி'. சாயல்குடிப் பனங்காட்டில் சுண்ணாம்பு தடவாத கலயத்துப் பதநீர் நுரைத்துக் கள்ளாகிறதே, அதுதான் நொதித்தல். 'என்சைம்' என்பதும் கிரேக்கத்தில் 'புளிமாவுக்குள்' என்ற பொருளில் பிறந்ததே. 1870-களில் வில்ஹெல்ம் கூனே வைத்த பெயர். இரண்டு மொழியும் ஒரே கலயத்திலிருந்து மொண்டிருக்கின்றன!

இந்த நொதிகளில் லாக்டோனேஸ், சேதி மூலக்கூறின் வளையத்தைத் திறந்துவிடும்; அசைலேஸ் வாலை வெட்டிவிடும். பேசில்லஸ் என்ற பாக்டீரியாவில் இருந்து ஒரு லாக்டோனேஸை 2000-இல் பிரித்தறிந்தார்கள். ஆனால் இறாலைத் தாக்கும் வைப்ரியோ ஹார்வேயி மூன்று வகைச் சேதிகளில் பேசுகிறது. லாக்டோனேஸ் அதில் ஒன்றைத்தான் குலைக்கும்.