வீனிங்: பால் மறத்தலும் பம்ப் மறத்தலும்

இதய அறுவை நடக்கும் அரங்குக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு உள்ளேயிருந்து சில சமயம் இப்படி ஒரு தகவல் வரும்: "சர்ஜரி முடிஞ்சது. வீனிங் கொஞ்சம் கஷ்டமா இருக்கு." முதல் பாதி புரிகிறது. அறுவை முடிந்த பிறகு இன்னும் என்ன கஷ்டம் என்பதுதான் புரிவதில்லை.

வீனிங் என்றால் ஆங்கிலத்தில் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது. ஆனால் அதன் வேரில் பாலும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'வெனியன்' என்றால் பழக்குதல். பழக்கத்தை விடச் செய்வதற்கு முன்னொட்டுச் சேர்த்து 'அவெனியன்' என்ற சொல் இருந்தது. காலப்போக்கில் முன்னொட்டு உதிர்ந்து, பழக்குவதைக் குறித்த சொல்லே பழக்கத்தை விடுவிப்பதையும் குறிக்கத் தொடங்கியது. ஜெர்மன் மொழி தன் முன்னொட்டை விடாமல் வைத்துக்கொண்டு 'எண்ட்வோனென்' என்கிறது. பிரெஞ்சில் 'செவ்ராஜ்', அதன் மூலம் பிரித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆக, ஒரு மொழி பழக்கத்தைப் பார்த்தது, இன்னொன்று பிரிவைப் பார்த்தது. தமிழ் பார்த்தது மறதியை. பால் மறத்தல், பால்குடி மறக்கடித்தல் என்கிறோம்.

அறுவை அரங்கில் மறக்க வேண்டியது இதய-நுரையீரல் இயந்திரத்தை. அங்கே எல்லாரும் அதைப் பம்ப் என்றே சொல்வார்கள். ரத்தம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகாமல் உடலுக்கு வெளியே குழாய் வழியாகப் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்புவதால் இந்த ஏற்பாட்டுக்கும் பைபாஸ் என்று பெயர். புறவழிச்சாலை என்பதில் உள்ள 'புறவழி' இங்கே அச்சாகப் பொருந்தும். ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். 'பைபாஸ் ஆபரேஷன்' என்று பேச்சில் சொல்வது அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுக் குழாய் தைப்பதை. அது வேறு புறவழி. அந்த அறுவையைப் பம்ப் இல்லாமல், துடிக்கிற இதயத்திலேயே செய்வதும் உண்டு.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையை அடைத்தார். அப்போது 26 நிமிடங்கள் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் முழுதாகச் செய்தது இயந்திரம்தான். இன்று அது மணிக்கணக்கில் ஓடுகிறது. அந்த நேரத்தின் பெரும்பகுதியில், பொட்டாசியம் மிகுந்த கரைசலால் நிறுத்தப்பட்டு இதயம் சும்மா கிடக்கிறது. மறுபடி வேலைக்கு வா என்றால் உடனே வந்துவிடுமா?

பல இதயங்கள் வந்துவிடுகின்றன. உடலைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவருவார்கள், பொட்டாசியத்தையும் அமிலத்தன்மையையும் சரிசெய்வார்கள், இதய அறைகளில் தங்கிய காற்றை வெளியேற்றுவார்கள், வென்டிலேட்டரை ஓடவிடுவார்கள். அப்புறம் பம்ப்புக்குப் போகும் சிரைக்குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். ரத்தம் இதயத்துக்குள் நிறையும், பம்ப்பின் ஓட்டம் படிப்படியாகக் குறையும். மயக்க மருத்துவர், அறுவை மருத்துவர், பம்ப்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் மூவரின் கண்ணும் ரத்த அழுத்தத்திலும், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ படத்திலும் இருக்கும்.

சில இதயங்கள் மறுக்கும். அப்போது முதல் கேள்வி 'எந்த மருந்து' என்பதல்ல, 'ஏன்' என்பதுதான். வலது இதயத் தமனியின் வாய் முன்பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு அதுவே மேட்டுப்பக்கம். மிச்சமிருக்கும் காற்றுக்குமிழி அங்கேதான் ஏறும், வலது கீழறை திடீரெனத் துவண்டுவிடும். மருந்தைக் கொட்டுவதைவிட, பம்ப்பிலேயே இருந்து அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காத்திருந்தால் பெரும்பாலும் குமிழி கடந்துபோகும், இதயம் தெளிந்துவிடும். இடது கீழறையே பலவீனமென்றால் இதயத்தை முடுக்கும் அட்ரினலின், டோபுடமின், மில்ரினோன் போன்ற மருந்துகள். நுரையீரல் அழுத்தம் ஏறி வலது பக்கம் திணறினால் மூச்சோடு நைட்ரிக் ஆக்சைடு. இன்னொரு வகையில் இதயம் நன்றாகவே அடிக்கும், ரத்தக்குழாய்கள்தான் தளர்ந்துபோயிருக்கும். அதற்குக் குழாயை இறுக்கும் நார்அட்ரினலின், வாசோபிரெசின். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு காலத்தில் வெறும் சாயமாகப் பிறந்த மெத்திலீன் நீலம்.

இதில் எனக்கு வியப்பூட்டுவது, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைச் சீரமைத்த பிறகு வருகிற ஒரு சிக்கல். துடிக்கும்போது வால்வின் முன்னிதழ் இழுபட்டு, ரத்தம் வெளியேறும் பாதையை மறித்துக்கொள்ளும். அழுத்தம் விழும். வழக்கம்போல இதயத்தை முடுக்கும் மருந்தைக் கூட்டினால் அடைப்பு இன்னும் மோசமாகும். அந்த மருந்தைக் குறைத்து, அறையை ரத்தத்தால் நிரப்பி, துடிப்பின் வேகத்தைத் தணிக்க வேண்டும். முடுக்கினால் முரண்டு பிடிக்கிறது, விட்டுப்பிடித்தால் வழிக்கு வருகிறது. எக்கோ பார்க்காமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

எதுவும் சரிவராவிட்டால் மறுபடி முழுப் பம்ப்புக்குப் போய் இதயத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். திரும்பத் திரும்ப அப்படிச் செய்யவும் முடியாது. பம்ப் நேரம் நீள நீள ரத்த அணுக்கள் சிதையும், ரத்தக்கசிவு கூடும். அடுத்த படி, பெருந்தமனிக்குள் பலூன் பம்ப் வைப்பது. மனிதரிடம் 1967-ல் முதன்முதலாகப் பயன்பட்ட முறை அது. இல்லையென்றால் எக்மோ. எக்மோவும் ஒருவகை இதய-நுரையீரல் இயந்திரமே என்பதால், தாயிடமிருந்து பிரித்த பிள்ளையைச் செவிலித்தாயிடம் கொடுப்பதுபோலத்தான். அங்கே சில நாள் கழித்து இன்னொரு வீனிங் காத்திருக்கும்.

பம்ப்பில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்து கொடுத்திருப்பார்கள்; பம்ப்பை விட்டு வந்தபின் அதை முறிக்க புரோட்டமின் கொடுப்பார்கள். அதுவே சிலருக்கு அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடும். ரத்தத்தின் உறைதன்மை திரும்பிவிட்டதால், மறுபடி பம்ப்புக்குப் போக வேண்டுமானால் ஹெப்பாரினை முழு அளவில் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால்தான் இதயம் நிலைத்துவிட்டது என்று நம்பிக்கை வரும்வரை புரோட்டமினைத் தொடமாட்டார்கள்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'துண்டித்தல்' ஆகாது, மின் இணைப்பைத் துண்டிப்பதுபோல இது ஒரே நொடியில் நடப்பதில்லை. 'விடுவித்தல்' என்கிறார்கள், ஆனால் பம்ப் சிறையும் அல்ல, இதயம் கைதியும் அல்ல. எழுத்தில் 'படிப்படியாக விலக்கல்' என்பதையே நான் தேர்வேன். அதற்கு இன்னொரு வசதியும் உண்டு. விலகல் தன்வினை, விலக்கல் பிறவினை. பால் மறத்தலும் பால் மறக்கடித்தலும் அதே ஜோடிதான். தானாக மறக்கிற பிள்ளை ஒன்று, மறக்கடிக்க வேண்டிய பிள்ளை ஒன்று. ஆங்கிலம் 'கஷ்டமான' என்று ஒரு அடைமொழி சேர்த்துச் சொல்வதைத் தமிழ் வினையிலேயே சொல்லிவிடுகிறது. இதயம் பம்ப்பை விட்டு விலகியது என்றால் சிரமமில்லை; விலக்க வேண்டியிருந்தது என்றால் சிரமம்.

'ஃபெயிலியர் டு வீன்' என்பதை 'வீனிங் தோல்வி' என்று பெயர்ப்பதுதான் என்னை உறுத்துகிறது. வெளியே நிற்பவர் காதில் அது அறுவையே தோற்றதாக விழும். வால்வும் தையலும் சரியாக இருக்கலாம், இதயத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் துணை தேவைப்படலாம். "இன்னும் பம்ப்பை மறக்கவில்லை" என்று சொன்னால் அந்த இரண்டு நாளும் அதற்குள் இருக்கிறது.