செக்டிஸ்க் போடும் முன் காப்பி எடுங்கள்

சென்ற வாரம் திருமங்கலத்திலிருந்து ஒருவர் தம் வீட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மகளின் காதணி விழாப் படங்கள் திறக்கத் தாமதமாகின்றன என்பதற்காக, யாரோ சொன்னதைக் கேட்டு, டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) 'ஆர்' (/r) கட்டளையோடு இரண்டு இரவுகள் ஓடவிட்டிருக்கிறார். மேசையில் வைத்து மின் இணைப்புக் கொடுத்ததும், டிஸ்க் ஏழெட்டு முறை 'டிக், டிக்' என்று தட்டிவிட்டு நின்றுபோனது. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது டிஸ்க் இது. இனி தூசியற்ற அறையில், டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட்டை மாற்றித்தான் முயல வேண்டும்; அதற்காகும் செலவைச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

செக்டிஸ்க் ஹார்டு டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் என்ற நம்பிக்கை தவறானது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் எழுதிவைத்திருக்கும் பதிவேட்டைத்தான் அது திருத்துகிறது. மின்தடையால் கணினி திடீரென அணைந்து பதிவேடு குழம்பியிருந்தால், 'எஃப்' (/f) கட்டளை சரியான மருந்து. ஆனால், பட்டாவில் பிழை திருத்தினால் ஆறு அரித்துக்கொண்டு போன நிலம் திரும்பி வருமா? 'ஆர்' செய்வதெல்லாம், டிஸ்க்கின் சிறு கட்டங்களான செக்டார்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, படிக்க முடியாததை இனிப் பயன்படுத்தாதபடி ஒதுக்கிவைப்பதுதான். அதற்காக, நலிந்துபோன ஹெட்டை மணிக்கணக்கில் டிஸ்க் முழுவதும் ஓடவிடுகிறது. பதிவேட்டோடு பொருந்தாத கோப்புகளோ பெயரிழந்து, 'ஃபவுண்ட்.000' என்ற மறைவான ஃபோல்டரில் துண்டுகளாய்க் கிடக்கும்.

ஆகவே, முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பழுதான செக்டார்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் மூல மதிப்பு (Raw Values) பூச்சியமாக இல்லையென்றால், எதையும் திருத்தாமல் முக்கியமான கோப்புகளை உடனே வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். (சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்; அதை மாற்றிப் பாருங்கள்.) தட்டும் சத்தம் கேட்டால் காப்பியும் வேண்டாம், அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, மிச்சமிருப்பதும் கெடும்.

காப்பி கைக்கு வந்து, டிஸ்க்கும் நலமாக இருந்தால், செக்டிஸ்க்கை எந்தக் கூடுதல் கட்டளையும் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது அது பார்க்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. பிழை காட்டினால் 'எஃப்' போதும். சி டிரைவ் பயன்பாட்டில் இருப்பதால் அடுத்த முறை கணினி தொடங்கும்போது செய்யலாமா என்று கேட்கும். சம்மதம் கொடுத்துவிட்டு, பாதியில் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அன்று உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் பேட்டரி நான்கு நிமிடம்கூடத் தாங்காது என்றால், தயவுசெய்து வேறொரு நாளில் செய்யுங்கள்.