ஒப்புமை சதவீதம் குறைந்தால் போதுமா?

முதுகலை நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு ஆய்வு நெறியாளராக இருக்கிறேன். ஆய்வேட்டு நேர்மை என்றதும் அவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது ஓர் எண்தான்: 10. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் மாணவரின் படிப்புப் பதிவே ரத்தாகும். விதி நல்லதுதான். ஆனால் கல்லூரிகளில் அது சொல்லித்தரப்படும் விதத்தில், எண்ணைக் குறைப்பதே நேர்மை என்றாகிவிட்டது.

2022 நவம்பரில், கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் (ஏஐ) கருவியான சாட்ஜிபிடி வந்தபின் அந்த எண்ணுக்கும் பொருள் குறைந்தது. இயந்திரம் வாக்கியங்களைப் புதிதாக அமைப்பதால் ஒப்புமை மென்பொருளில் பெரும்பாலும் சிக்குவதில்லை. ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதாதவர் எளிதாகத் தேறிவிடலாம்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் நான் நம்புவதில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகளை இத்தகைய கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. தமிழ்வழியில் பள்ளி முடித்து, அகராதியைப் புரட்டி எளிய ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை மீதுதான் இந்தப் பழி முதலில் விழும். கருவி தரும் எண்ணை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க நான் ஒப்பமாட்டேன்.

நான் பார்க்கும் இடங்கள் வேறு. மூலிகைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று ஆராய்ந்த ஓர் ஆய்வேடு வந்தது. நடையில் குறையே இல்லை. இந்தச் சோதனையில் சாறு தோய்த்த 6 மி.மீ. விட்டமுள்ள காகித வட்டை, பாக்டீரியா வளர்க்கும் பிளேட்டில் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராமல் தெளிந்திருக்கும் வளையத்தின் விட்டத்தை வட்டையும் சேர்த்து அளக்கிறோம். அட்டவணையில் ஓரிடத்தில் 4 மி.மீ. என்றிருந்தது. வட்டைவிடச் சிறிய வளையம் எப்படி வரும்? "ஸ்கேலை எங்கே வைத்து அளந்தாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

மேற்கோள் பட்டியலும் அப்படித்தான். ஆய்விதழ் உண்மை, தொகுதி எண் உண்மை. திறந்தால் அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை. இயந்திரம் இல்லாத கட்டுரையையும் உருவாக்கித் தரும் என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை. 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்ததை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏஐ கூடாது என்று தடை போடவில்லை. ஆங்கிலத்தைத் திருத்தப் பயன்படுத்தலாம். எதற்குப் பயன்படுத்தினோம் என்று ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டும். அளவுகள் மட்டும் தேதியிட்ட ஆய்வக நோட்டிலிருந்துதான் வர வேண்டும். மேற்கோள் காட்டிய கட்டுரையை என் முன்னால் திறந்து, அதில் என்ன இருக்கிறது என்று தமிழிலேயே சொல்லலாம். படித்தவர் தயங்காமல் சொல்கிறார்.

காசுக்கு புராஜெக்ட் விற்கும் கடைகள் சாட்ஜிபிடிக்கு முன்பே இருந்தன. மாணவரை அங்கே அனுப்பியது பெரும்பாலும் பயம்: சோதனை சரியாக வரவில்லை என்றால் மதிப்பெண் போய்விடுமே என்ற பயம். அதனால் பூஞ்சை படர்ந்து வீணான பிளேட்டையும் படமெடுத்து, ஏன் அப்படி ஆனது என்று ஆய்வேட்டில் எழுதச் சொல்கிறேன். அதற்கும் மதிப்பெண் உண்டு. புறத்தேர்வாளராக வரும் நண்பர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வீணான பிளேட்டைப் பற்றிய அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.