பெனால்ட்டி சைபர் வந்தால் சந்தோஷப்படாதீர்கள்

இந்த வருடம் இது நாலாவது குழு. பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் மூன்று கடைசி வருட மாணவர்கள், கையில் லேப்டாப், முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, பெனால்ட்டி சைபர் வந்துட்டு!"

புராஜெக்ட் நல்ல புராஜெக்ட்தான். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் என்றைக்கு எவ்வளவு தண்ணீர் திறக்கலாம் என்று ஜெனடிக் அல்காரிதம் (பல தீர்வுகளை உண்டாக்கி, கூடுதல் மார்க் வாங்கியவற்றைக் கலந்து, கொஞ்சம் மாற்றி, தலைமுறை தலைமுறையாகத் தேடும் முறை) வைத்துத் தேடுவது. கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லுக்கும் தண்ணீர் குறைந்தால் பெனால்ட்டி, அதாவது மைனஸ் மார்க், மழைக்காலத்தில் மதகு வழியாக அளவுக்கு மேல் திறந்தாலும் பெனால்ட்டி. 500 தலைமுறை ஓட்டியிருக்கிறார்கள், சைபர். தாமிரபரணிக் கரையில் எந்த விவசாயியிடமாவது போய், காருக்கும் குறையில்லை, பிசானத்துக்கும் குறையில்லை, வெள்ளமும் வராது என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விடுவார்.

டெஸ்டிங் வேலையில் 15 வருடம் இருந்தவளுக்கு சைபர் என்றாலே வயிற்றைக் கலக்கும். நாள்வாரிக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். ஜூலையில் பாபநாசம் அணையின் நீர் இருப்பு மைனஸ். அதாவது அணையில் இல்லாத தண்ணீரைத் திறந்து கார் நெல்லைக் காப்பாற்றியிருக்கிறது. டிசம்பர் இதைவிட மோசம். அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, அதற்கு மேல் வரும் தண்ணீரை ஒரே ஒரு வரி கோட் 143-லேயே வெட்டிவிடுகிறது. வெட்டிய தண்ணீர் ஆற்றில் சேரவே இல்லை, கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது! ஆகவே அல்காரிதம் கண்டுபிடித்த வழி இதுதான்: மழைக்கு முன்னால் அணையைத் தளும்பத் தளும்ப வைத்துக்கொள், மதகைத் திறக்காதே, வெள்ளம் தானாகக் காணாமல் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்து நின்றதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் பார்த்த பிள்ளைகள்தான் இவர்கள்.

"ஆனா அக்கா, பரிணாமம்தானே, தலைமுறை தலைமுறையா நல்லதுதானே வரும்?" என்று ஒரு தம்பி கேட்டான். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு, கலப்பு, பிறழ்வு எல்லாம் பாடத்திலேயே இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. அந்தச் சுழற்சி முழுவதிலும் 'நல்லது' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தீர்வுக்கும் மார்க் போட நீங்கள் எழுதிய ஃபிட்னஸ் ஃபங்ஷன் தரும் ஒரு எண் இருக்கிறது, அவ்வளவுதான். தட்டைக் காலி பண்ணினால் மிட்டாய் என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், சோறு கோழிக்குப் போகும், தட்டு காலியாகும், மிட்டாயும் கேட்கும். பிள்ளைக்காவது நீங்கள் நினைத்தது தெரியும், அல்காரிதத்துக்கு அதுவும் தெரியாது. எண் ஏறினால் அந்த எண் ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். 500 தலைமுறையை 5000 ஆக்கினால் தீர்வு திருந்தாது, ஏமாற்று இன்னும் மெருகேறும். 'உச்சத் தீர்வு கிடைத்தது' என்று அறிக்கையில் எழுதுகிறீர்களே, அதுவும் தப்பு. எங்கோ ஒரு மேட்டில் ஏறி நிற்கிறீர்கள், பக்கத்தில் மலை இருக்கிறதா என்று இந்த முறை உங்களுக்குச் சத்தியம் செய்து தரவில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 1994-இல் கார்ல் சிம்ஸ் என்ற கணினி வரைகலை ஆய்வாளர் கணினிக்குள் கற்பனை உயிரிகளைப் பரிணமிக்க வைத்தபோது, வேகமாக நகரச் சொன்னால் உயரமாக வளர்ந்து பொத்தென்று விழுகிற வகைகளும் கிளம்பின (விழுகிற வேகமும் வேகம்தானே), அதைத் தடுக்க அவர் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஜென்புரோக் என்று பிழையைத் தானே திருத்தும் மென்பொருள் உண்டு. பட்டியலை வரிசைப்படுத்தும் நிரலைத் திருத்தக் கொடுத்தார்கள், வெளியே வருவது வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் டெஸ்ட் பார்த்தது. அது வெறும் பட்டியலைத் திருப்பித் தந்துவிட்டது. வெறும் பட்டியலில் வரிசை தப்ப வழியே இல்லையே! இன்னொரு சோதனையில் சரியான விடை இருந்த ஃபைலையே அழித்து முழு மதிப்பெண் வாங்கியது. (எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.)

என் துறைக்காரர்களும் யோக்கியம் இல்லை. பரிணாம முறையில் டெஸ்ட் எழுதித் தரும் எவோசூட் போன்ற கருவிகள் வந்தபிறகு, 'கவரேஜ் (டெஸ்ட் ஓடித் தொட்ட கோட்) 96 சதவீதம், பக் இல்லை' என்று அனுப்புகிறார்கள். அந்தக் கருவி கோட் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொண்டு அசெர்ட், அதாவது 'இந்த விடைதான் வர வேண்டும்' என்ற வரி, எழுதும். ஒரு கடை பில்லிங் மென்பொருளில் தள்ளுபடி போக மொத்தம் மைனஸ் 40 ரூபாய் என்று வந்தது. கருவி சமர்த்தாக, மைனஸ் 40 வர வேண்டும் என்று டெஸ்ட் எழுதி வைத்திருந்தது. பக்கைத் திருத்தினால் டெஸ்ட் சிவப்பாகிறது, ஃபெயில்! தயவுசெய்து அந்த அசெர்ட்டுகளை ஒரு மனுஷன் உட்கார்ந்து படியுங்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிமுலேஷனுக்குள் முதலில் தண்ணீர்க் கணக்கு: வந்தது, போனது, ஆவியானது, மிச்சம். தினமும் டேலி ஆகவில்லையென்றால் ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும், பெனால்ட்டி போட்டுத் தாஜா பண்ணாதீர்கள். ஒரே ரேண்டம் சீடில் (குருட்டு எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) ஓட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள், குறைந்தது 30 சீட். அதே அளவு ஓட்டத்தில் சும்மா ரேண்டமாகத் தேடினால் என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள், பல நேரம் முகத்தில் கரி பூசும். தேடலுக்குக் கொடுக்காத வருடங்களில் ஓட்டிப் பாருங்கள். ஜெயித்த தீர்வை நாள்வாரியாகக் கண்ணால் பாருங்கள், கிராஃப் மட்டும் போதாது. வழிகாட்டும் ஆசிரியர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், தலைமுறைக்குத் தலைமுறை எண் எப்படி முன்னேறி நிலைக்கிறது என்று காட்டும் கன்வர்ஜென்ஸ் வளைவைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. ஆட்டை அவிழ்த்துவிட்டால் வேலியில் ஓட்டை எங்கே என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே இந்த அல்காரிதத்தை வைத்துக்கொள்ளலாமே! கார் தானாகப் பார்க் செய்யும் மென்பொருளை இடிக்க வைக்கும் நிலைமைகளை ஜெர்மனியில் 20 வருடத்துக்கு முன்பே இப்படித் தேடினார்கள். தம்பிகளிடமும் அதைத்தான் சொன்னேன்: கணக்கைச் சரிசெய்துவிட்டு, திறப்பு அட்டவணையை அப்படியே பூட்டி வைத்து, இப்போது மழையைப் பரிணமிக்க விடுங்கள், உங்கள் அட்டவணையை உடைக்கிற மழை எது என்று தேடட்டும்.

வியாழக்கிழமை வைவா. புதன் ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அக்கா, பெனால்ட்டி சைபர் இல்ல, எக்கச்சக்கமா வருது. மூணு நாள் மழையில உடைஞ்சிட்டு." குரல் தொங்கிப் போயிருந்தது. அந்த மூன்று நாளையும் முதல் ஸ்லைடில் போடச் சொன்னேன்.