"ஜஃப்னா ஹொட்டல்" என்று தேடினால் நீங்கள் முதலில் வர வேண்டுமா?

இணையத்தளம் செய்துதரக் கேட்டு வருகிற முதலாளிமார் அநேகமாக முதல் சந்திப்பிலேயே சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கூகிளில அடிச்சா நாங்கள்தான் முதல் வரவேணும்." எதை அடித்தால் என்று கேட்டால் கடைப் பெயரைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் "ஜஃப்னா ஹொட்டல்", "ஜஃப்னா ஜுவலரி" என்று ஊரையும் தொழிலையும் ஒட்டிச் சொல்வார்கள். கடைப் பெயரை அடிக்கிறவர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர், அவர் எப்படியும் வந்துவிடுவார். இரண்டாவதில்தான் காசும் நேரமும் வீணாகப் போகிறது.

"ஜஃப்னா ஹொட்டல்" என்று தேடிப்பாருங்கள். புக்கிங் டொட் கொம், அகோடா, ட்ரிப் அட்வைசர் எல்லாம் மேலே வந்து நிற்கும். நல்லூரில் நாலைந்து அறை வைத்திருக்கிற ஒருவர் அந்தத் தளங்களை இறக்கிவிட்டு மேலே ஏறுவது நடக்கிற காரியமில்லை. அதோடு, தேடுகிறவருக்குத் தங்க அறை வேணுமா, மத்தியானச் சாப்பாடு வேணுமா என்பதே அதில் தெரியாது, எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஹொட்டல்தானே.

அதே ஆள் "நல்லூர் கோயிலுக்குக் கிட்ட சமையலறையோடு வீடு", "வயசானவர்களுக்கு ஏற்ற கீழ்மாடி அறை நல்லூர்" என்கிற மாதிரித் தேடல்களுக்கு ஒரு பக்கம் எழுதினால் கதை வேறு. இப்படித் தேடுகிறவர்கள் குறைவு, ஆனால் தேடுகிறவர் திருவிழாவுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வர முடிவெடுத்துவிட்டவர், அறையை உறுதிசெய்யத்தான் ஃபோனை எடுத்திருக்கிறார். மாதம் ஆயிரம் பேர் தேடும் சொல்லில் ஐந்தாம் பக்கத்தில் கிடப்பதைவிட இருபது பேர் தேடும் சொல்லில் முதல் மூன்றுக்குள் நிற்பது எவ்வளவோ மேல். இன்னொன்று, நல்லூர்த் திருவிழா 25 நாள், கொடியேறிய பிறகு பக்கம் போட்டுப் பயனில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் விமானச் சீட்டு எடுக்கும்போதே அறையும் தேடிவிடுவார்கள், ஆகவே சில மாதம் முந்தியே அது கூகிளில் ஏறியிருக்க வேண்டும்.

சரி, ஆட்கள் என்ன அடிக்கிறார்கள் என்று எப்படி அறிவது? எந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டுகிற கூகிளின் கீவேர்ட் பிளானர் இலவசம்தான், ஆனால் விளம்பரத்துக்குக் காசு கட்டாதவர்களுக்கு அது சரியான எண்ணிக்கை தராது, 100 முதல் 1000 வரை என்று பெரிய இடைவெளியாகத்தான் காட்டும். யாழ்ப்பாணத்துச் சின்னச் சின்னத் தேடல்களுக்குப் பல நேரம் ஒன்றுமே காட்டாது. அதைப் பார்த்து "இதை ஒருவரும் தேடவில்லை" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். கூகிளே சொல்லியிருக்கிற கணக்கின்படி ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 வீதம் அதற்குமுன் ஒருபோதும் வராதவை.

நான் முதலில் பார்ப்பது வாடிக்கையாளரின் வட்ஸ்அப்பையும் பேஸ்புக் இன்பொக்ஸையும்தான். ஆட்கள் கேள்வி கேட்கிற விதத்திலேயே தேடவும் செய்கிறார்கள். பிறகு பிரைவேட் விண்டோவில் கூகிளைத் திறந்து, சொல்லைப் பாதி அடித்துவிட்டு, கீழே அது என்னென்ன நீட்டுகிறது என்று பார்ப்பது. ஒரே சொல்லை ஆங்கிலத்திலும், தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் அடித்துப் பாருங்கள், மூன்றுக்கும் மூன்று விதமாக வரும். வெளிநாட்டு வாடிக்கையாளர்தான் முக்கியம் என்றால் அங்கே இருக்கிற மச்சானிடமோ தங்கச்சியிடமோ சொல்லி அடிக்க வைத்து ஸ்கிரீன்ஷொட் எடுப்பியுங்கள், இடத்தைப் பொறுத்துக் கூகிளின் பதில் மாறும்.

ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. கொக்குவில், சுன்னாகம் என்றால் பிரச்சினை இல்லை. யாழ் பல்கலைக்கழகம் இருக்கிற எங்கள் திருநெல்வேலியில் விடுதி நடத்துகிறவர் "திருநெல்வேலி லேடீஸ் ஹொஸ்டல்" என்று மட்டும் தலைப்பு வைத்தால் அவர் மோதுவது தமிழ்நாட்டுத் திருநெல்வேலி மாநகரத்தோடு. "யாழ் பல்கலைக்கழகத்துக்கு அருகில்" என்று சேர்த்தால் தேடுகிற மாணவிக்கும் தெளிவு, கூகிளுக்கும் தெளிவு.

காணி விற்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். கொழும்பில் வடிவமைத்த தளங்களில் எல்லாம் காணியின் அளவைப் "பேர்ச்" என்றுதான் போட்டிருக்கும். இங்கே கோண்டாவிலில் காணி தேடுகிறவர் "2 பரப்புக் காணி" என்றுதான் நினைக்கிறார், கனடாவில் முப்பது வருசம் இருந்தவரும் அப்படியேதான். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். இரண்டையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அதற்கு ஒரு வரி போதும்.

இன்னொரு சிக்கல், ஆட்கள் நிறைய வருகிறார்கள், ஆனால் ஓடர் வருவதில்லை என்பது. ஒடியல் மா விற்கிற தளத்தில் "ஒடியல் கூழ் செய்வது எப்படி" என்ற பக்கத்துக்குக் கூட்டம் அள்ளும், அதைக் காட்டி முதலாளியும் சந்தோசப்படுவார். கூழ் காய்ச்சத் தேடுகிறவருக்கு வேண்டியது செய்முறை, "ஒடியல் மா லண்டன் டெலிவரி" என்று அடிக்கிறவருக்கு வேண்டியது விலையும் தபால் செலவும். இரண்டுக்கும் இரண்டு பக்கம் வேண்டும். செய்முறைப் பக்கத்திலிருந்து வாங்கும் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள். ஆனால் ஒரே தேவைக்கு நாலு பக்கம் எழுதாதீர்கள், உங்கள் பக்கங்களே ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும்.

தெரிவுசெய்த சொல்லைப் பக்கத்தின் தலைப்பிலும் முதல் பந்தியிலும் அதன் இணைய முகவரியிலும் படத்தின் விளக்கத்திலும் இயல்பாக வைத்தால் போதும். வரிக்கு வரி "யாழ்ப்பாணத்தில் சிறந்த" என்று திணித்தால் கூகிள் அதை ஸ்பாம் கணக்கில் சேர்க்கும், வாசிக்கிறவருக்கும் எரிச்சல். வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக்குள் இருக்கிற "மெட்டா கீவேர்ட்ஸ்" என்ற பெட்டியில் ஐம்பது சொல் நிரப்பித் தருகிறோம் என்று இன்றைக்கும் இங்கே பில் போடுகிறார்கள். தரவரிசைக்கு அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது.

தளம் ஓடத் தொடங்கிய பிறகு, தள உரிமையாளர்களுக்குக் கூகிள் தருகிற சேர்ச் கொன்சோல் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். எந்தத் தேடலுக்கு நீங்கள் தெரிந்தீர்கள், எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாம் இடம் என்று 16 மாதத் தரவு இலவசமாக அதில் கிடக்கிறது. எட்டாம், பத்தாம், பன்னிரண்டாம் இடங்களில் நிற்கிற சொற்களைத்தான் நான் முதலில் கையிலெடுப்பேன், ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டவை அவை. நீங்கள் நினைத்தே பார்க்காத தேடலும் அந்தப் பட்டியலில் இருக்கும், அதற்கென்று ஒரு பக்கம் எழுதலாம்.

கடைசியாக, "முதலிடம் உத்தரவாதம்" என்று யாராவது வந்தால், அப்படி ஒருவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. வேலையை யாரிடம் கொடுத்தாலும் சேர்ச் கொன்சோல் உங்கள் சொந்த ஜிமெயிலின் பெயரில் இருக்கட்டும், வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். நாளைக்கு ஆளை மாற்றினாலும் 16 மாதத் தரவு உங்களிடமே இருக்கும்.